பாயை நனைக்கும் பிள்ளையை அடிக்காதீர்கள்

பிள்ளை ராத்திரியில் பாயை நனைப்பது நம்முடைய லயங்களில் பல வீடுகளில் நடக்கிற சங்கதிதான். ஆனால் யாரும் வெளியே சொல்வதில்லை. பக்கத்துக் காம்பராவுக்குத் தெரிந்தால் வெட்கம் என்று மூடி வைக்கிறோம். விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் நனைந்த பாயையும் கம்பிளியையும் பார்த்ததும் ஆத்திரம் வருகிறது. பிள்ளையின் முதுகில் ரெண்டு வைக்கிறோம். அடுத்த நாளும் பாய் நனைகிறது. மறுபடியும் அடி.

தாய்மாரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இருட்டோடு எழும்பி, ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் புறப்படுத்தி, கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு ஏற வேண்டியவளுக்கு நனைந்த கம்பிளி எவ்வளவு பெரிய சுமை என்று நமக்குத் தெரியும். பீலியடியில் அலச நேரமில்லை. அலசினாலும் புசல்லாவை, தொலஸ்பாகை பக்கங்களில் மழைக்காலத்தில் சீக்கிரம் காய்வதில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அடியும் ஏச்சும் இதை நிறுத்துவதில்லை. எது நிறுத்தும் என்று பார்ப்போம்.

வேணுமென்றா செய்கிறான்?

பிள்ளை மடுவத்திலும் கிளினிக்கிலும் இப்படித்தான் பேச்சு ஆரம்பிக்கும்.

“இவன் வேணுமுன்னுதான் செய்றான் மிஸ். எழும்பச் சோம்பல்.”

“தூக்கத்துல நீங்க குறட்டை விடுறது ஒங்களுக்குத் தெரியுமாக்கா?”

“அது எப்படிங்க தெரியும்?”

“அதே மாதிரிதான் இதுவும். புள்ளைக்குத் தெரிஞ்சு நடக்கல.”

இது எப்படி நடக்கிறது என்பதைக் கம்பளைப் பக்கத்து ஆட்களுக்கு விளக்குவது சுலபம். கொத்மலை அணைக்கட்டை நாம் பார்த்திருக்கிறோம். தண்ணீர் நிறைந்தால் அங்கே கடமையில் இருக்கிறவருக்குத் தெரியும். அவர் பார்த்துத்தான் கதவைத் திறக்க வேண்டும். நம் வயிற்றின் அடியில் இருக்கும் சிறுநீர்ப்பையும் அதைப் போல ஒரு நீர்த்தேக்கம்தான். அதற்கும் ஒரு கதவு உண்டு. கடமையில் இருப்பவர் மூளை. பை நிறைந்ததும் நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போகும். “இன்னும் கொஞ்சம் பொறு” என்று மூளை கதவைப் பிடித்து வைக்கும், இல்லாவிட்டால் ஆளை எழுப்பிவிடும்.

பாயை நனைக்கும் பிள்ளைகளிடம் மூன்று விஷயங்களில் ஒன்றோ இரண்டோ இன்னும் சரியாக அமையவில்லை. ஒன்று, பை நிறைந்த செய்தி போகிறது, ஆனால் மூளை ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பதால் விழிப்பு வருவதில்லை. இரண்டு, ராத்திரியில் பை கொஞ்சம் நிறைந்ததுமே சுருங்கிவிடுகிறது. ஐந்து வயதுப் பிள்ளையின் பை சுமார் 180 மில்லிலீட்டர், அதாவது ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவுதான் கொள்ளும். மூன்று, ராத்திரியில் சிறுநீர் அதிகமாக ஊறுகிறது. தூங்கும் நேரத்தில் சிறுநீரைக் குறைக்கச் சொல்லி மூளையிலிருந்து ஒரு சுரப்பு வரும். பாயை நனைக்கும் பிள்ளைகள் பலருக்கு இந்தச் சுரப்பு ராத்திரியில் போதிய அளவு கூடுவதில்லை என்று 1980களில் டென்மார்க் நாட்டு வைத்தியர்கள் கண்டுபிடித்தார்கள்.

இந்த மூன்றில் எதுவும் பிள்ளையின் கையில் இல்லை. நடை பழகுவதும் பேச்சு வருவதும் ஒரு பிள்ளைக்கு முந்தியும் ஒரு பிள்ளைக்குப் பிந்தியும் வருகிறதல்லவா? இதுவும் அப்படித்தான்.

எத்தனை பிள்ளைகளுக்கு?

உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒரே கணக்குத்தான். ஐந்து வயதுப் பிள்ளைகள் 100 பேரை எடுத்தால் சுமார் 15 பேர் பாயை நனைக்கிறார்கள். பத்து வயதில் சுமார் 5 பேர். பெரியவர்களான பிறகும் 100க்கு ஒருவருக்கு இது இருக்கலாம். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கே அதிகம். எந்த வைத்தியமும் செய்யாமலே ஒவ்வொரு வருஷமும் 100 பேரில் சுமார் 15 பேருக்குத் தானாகவே நின்றுவிடுகிறது. ஐந்து வயதுக்குள் நனைத்தால் அதை வைத்தியர்கள் ஒரு குறையாகவே எடுப்பதில்லை.

இது குடும்பத்திலும் வரும். தாய் அல்லது தகப்பன் ஒருவருக்குச் சிறு வயதில் இந்தப் பழக்கம் இருந்திருந்தால் பிள்ளைகளில் 100க்கு 40 பேருக்கு மேல் வர இடமுண்டு. ரெண்டு பேருக்குமே இருந்திருந்தால் 70க்கும் மேல். ஆகவே அடிக்கக் கையை ஓங்கும் தகப்பன்மாரே, முதலில் உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். “நீ எட்டு வயசு வரைக்கும் சாக்கை நனைச்ச பய தானடா” என்று அப்பாயி சொல்லக்கூடும். அப்படியிருந்தால் அதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். “எனக்கும் இருந்துச்சு, நின்னுபோச்சு” என்று தகப்பன் சொல்லும் ஒரு வார்த்தை பிள்ளைக்கு எவ்வளவோ தைரியம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. தண்ணீரைப் பகலுக்கு மாற்றுங்கள். பல வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. பாடசாலையில் கக்கூஸ் சரியில்லை என்று பிள்ளை நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறது. சாயந்தரம் வீட்டுக்கு வந்ததும் தாகம் தீரக் குடிக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டோடு ஒரு பெரிய கோப்பை தேத்தண்ணியும் போகிறது. அத்தனையும் ராத்திரியில் இறங்கும். காலையிலிருந்து சாயந்தரம் ஐந்து மணிக்குள் ஆறேழு கோப்பை குடிக்கப் பழக்குங்கள். பாடசாலைக்குப் போத்தலில் தண்ணீர் கொடுத்தனுப்புங்கள். படுப்பதற்கு ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு முன் குடிப்பதை நிறுத்துங்கள். மருந்து போட இரண்டு மடக்கு குடித்தால் பரவாயில்லை. நாள் முழுவதும் தண்ணீரைக் குறைப்பது பிழை. பகலில் பை நிறைந்து பழகினால்தான் அது பெரிதாகும்.

2. சாயந்தரத் தேத்தண்ணியை நிறுத்துங்கள். தேயிலையை நம்பிப் பிழைக்கிற நாமே இப்படிச் சொல்வதா என்று நினைக்க வேண்டாம். தேத்தண்ணியிலும் கோப்பியிலும் கோலாவிலும் உள்ள கஃபீன் சிறுநீரைக் கூட்டும், பையையும் கிளறிவிடும். சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணி சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேருவதையும் தடுக்கும். ஆக, சிறு பிள்ளைக்குச் சாயந்தரம் தேத்தண்ணி கொடுக்காமலிருந்தால் ரெட்டை லாபம். இதை அப்பாயிக்கும் அம்மாயிக்கும் சொல்லி வைக்க வேண்டும். நீங்கள் மலையிலிருந்து வருவதற்குள் பேரனுக்குப் பாசத்தோடு தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பவர்கள் அவர்கள்தான்.

3. பகலில் நேரத்துக்கு நேரம் ஒண்ணுக்குப் போக வையுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை போக வேண்டும். காலை நெருக்கிக்கொண்டு, குந்திக்கொண்டு அடக்கும் பிள்ளைகளை விளையாட்டு நேரத்திலும் கூப்பிட்டு அனுப்புங்கள். ராத்திரியில் இரண்டு தடவை: சாப்பிட்டு முடித்ததும் ஒரு தடவை, பாயில் படுக்கும்முன் ஒரு தடவை. அவசரப்படாமல் முழுவதும் போகட்டும்.

4. மலச்சிக்கலைக் கவனியுங்கள். இதைப் பலரும் நினைப்பதேயில்லை. மலம் இறுகித் தங்கினால் அது முன்னாலுள்ள சிறுநீர்ப்பையை நெருக்கும். பைக்கு இடம் குறையும். மலம் சீராகப் போனதும் பாயை நனைப்பது நின்ற பிள்ளைகளும் உண்டு. பப்பாசி, வாழைப்பழம், வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கைக் கீரை என்று தோட்டத்தைச் சுற்றிக் கிடைப்பதைத் தினமும் கொடுங்கள். வெறும் ரொட்டியும் சம்பலும் போதாது.

5. இருட்டுப் பயத்தைப் போக்குங்கள். இது நம் தோட்டங்களுக்கே உரிய சங்கடம். பல லயங்களில் கக்கூஸ் தள்ளி இருக்கிறது. குளிர், மழை, அட்டை, நாய், சில பக்கங்களில் புலிப் பயம். பெரியவர்களே நடுச்சாமத்தில் தனியே போகத் தயங்கும்போது ஆறு வயதுப் பிள்ளை எப்படிப் போகும்? விழிப்பு வந்தாலும் பயத்தில் அடக்கிக்கொண்டு படுத்து, மறுபடி தூங்கிய பிறகு நனைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மூடியுள்ள ஒரு பழைய வாளியைக் காம்பராவின் மூலையில் வையுங்கள். சின்ன வெளிச்சம் ஒன்று எரியட்டும். கதவோரமோ வாளி ஓரமோ பிள்ளையைப் படுக்க வையுங்கள். “எழும்புனா என்னைக் கூப்பிடு, நான் கூட வாரேன்” என்று சொல்லி வையுங்கள். கூப்பிட்டால் முகம் சுளிக்காமல் எழும்புங்கள். காலையில் வாளியைக் கக்கூஸில் ஊற்றிக் கழுவி, கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

6. படுக்கையைச் சுலபமாக்குங்கள். பாயின் மேல் ஒரு பொலிதீன் விரிப்பு. அதன் மேல் பழைய சேலையை நாலைந்து மடிப்பாக மடித்துப் போடுங்கள். நனைந்தால் அந்தச் சேலையை மட்டும் அலசினால் போதும். பாயும் மெத்தையும் தப்பும். மழைக்காலத்தில் கம்பிளியைவிடச் சேலைத் துணி சீக்கிரம் காயும். பொலிதீனைப் பிள்ளையின் தலைப்பக்கம் போடாதீர்கள்.

7. காலையில் கழுவிவிட்டு அனுப்புங்கள். இடுப்புக்குக் கீழே சவர்க்காரம் போட்டுக் கழுவி, உள்ளாடையை மாற்றிவிட்டால் வகுப்பில் வாடை வராது. வாடையை வைத்துத்தான் மற்றப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். அந்தக் கேலிக்குப் பயந்து பாடசாலைக்கு மட்டம் போடும் பிள்ளை, பிறகு படிப்பையே விட்டுவிடலாம். இரண்டு நிமிஷக் குளியல் அதைத் தடுக்கும்.

8. செய்ததற்குப் பாராட்டுங்கள். பாய் காய்ந்திருப்பது பிள்ளையின் கையில் இல்லை. படுக்கும்முன் ஒண்ணுக்குப் போவதும், நனைந்த துணியைத் தானே எடுத்து வாளியில் போடுவதும் அவன் கையில் இருக்கிறது. அதைச் செய்த நாளில் கலண்டரில் பென்சிலால் ஒரு நட்சத்திரம் போடச் சொல்லுங்கள். நனைந்த நாளுக்குக் கறுப்புப் புள்ளி போட வேண்டாம்.

நடுச்சாமத்தில் தூக்கிக்கொண்டு போய் ஒண்ணுக்கு இருக்க வைக்கலாமா என்று கேட்கிறார்கள். அன்றைக்குப் பாய் நனையாது, உண்மைதான். ஆனால் அரைத் தூக்கத்தில் செய்தால் பிள்ளை அதிலிருந்து எதையும் பழகாது. கல்யாண வீட்டுக்குப் போன இடத்தில் இப்படிச் செய்யலாம். செய்தால் பெயர் சொல்லிப் பேசும் அளவுக்கு முழுவதும் எழுப்பி, தானே நடந்துபோக விடுங்கள்.

செய்யக்கூடாதவை

அடிக்காதீர்கள். கரண்டியைக் காய்ச்சிச் சூடு வைப்பேன் என்று மிரட்டவும் வேண்டாம். அப்படிச் செய்வது சட்டப்படி குற்றம். பயந்த பிள்ளை ராத்திரியில் இன்னும் அதிகமாகத்தான் நனைக்கும்.

நனைந்த பாயை இஸ்தோப்பில் எல்லோரும் பார்க்க வேண்டுமென்று தொங்கப்போட்டு, “பாருங்க இவன் லட்சணத்த” என்று சொல்லாதீர்கள். பட்டப்பெயர் வைக்காதீர்கள். அக்கா தங்கச்சிகளையும் வைக்க விடாதீர்கள்.

ஆண் குறியில் நூலோ ரப்பர் வளையமோ கட்டக்கூடாது. இதில் இரத்த ஓட்டம் நின்று பெரும் ஆபத்தாகிவிடும். யாராவது அப்படிச் சொல்லிக் கொடுத்தால் கேட்காதீர்கள். கோயிலில் திருநீறு பூசுவதால் கெடுதி எதுவும் இல்லை. ஆனால் அதோடு நின்றுவிடாமல் மேலே சொன்னதையும் செய்யுங்கள்.

நின்றிருந்த பிள்ளை மறுபடி ஆரம்பித்தால்

ஆறு மாதமோ அதற்கு மேலோ பாய் காய்ந்திருந்து, பிறகு மறுபடி நனைக்க ஆரம்பித்தால் அதற்குக் காரணம் தேட வேண்டும்.

சில காரணங்கள் மனசில் இருக்கும். வீட்டில் புதிதாகத் தம்பி பாப்பா பிறந்திருக்கலாம். அம்மா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போயிருக்கலாம். தகப்பன் குடித்துவிட்டு வந்து ராத்திரியில் சண்டை பிடிக்கலாம். பெரிய ஆபத்தைக் கண்ட பிள்ளைகளுக்கும் இப்படி வரும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதையும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மலைநாட்டில் மண் சரிந்ததையும் நாம் மறக்கவில்லை. மழைச் சத்தம் கேட்டாலே பிள்ளை நடுங்குகிறதென்றால் அதனிடம் பேச வேண்டும். பக்கத்தில் படுத்துக்கொள்ள வேண்டும். ஏச்சு அங்கே உதவாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். யாரோ ஒருவர் பிள்ளையிடம் தகாத முறையில் நடந்ததாலும் இப்படி வரலாம். குறிப்பிட்ட ஒரு ஆளைக் கண்டால் ஒதுங்குகிறதா, ஒண்ணுக்குப் போக வலிக்கிறது என்கிறதா என்று பாருங்கள். அதட்டாமல் கேளுங்கள். சொன்னால் நம்புங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் தொலைபேசியில் சொல்லலாம்.

உடம்பிலும் காரணம் இருக்கும். அதில் தாமதிக்கவே கூடாத ஒன்று உண்டு. நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று பாயை நனைக்கிறது. எந்நேரமும் தாகம் என்கிறது, பகலிலும் அடிக்கடி ஒண்ணுக்குப் போகிறது, சாப்பிட்டாலும் மெலிகிறது, சோர்ந்து படுக்கிறது. இது சீனி வியாதியாக இருக்கலாம். சீனி வியாதி பெரியவர்களுக்கு மட்டும் வருவதில்லை, சிறு பிள்ளைக்கும் வரும். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். வயிற்று வலி, வாந்தி, மேல்மூச்சு வாங்குதல் சேர்ந்துவிட்டால் ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கக் கூடாது. 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். “நாளைக்குப் பேர் போயிரும், சம்பள நாள் முடியட்டும்” என்று தள்ளிப்போட்டால் பிள்ளையின் உயிர் போகலாம்.

இந்த அறிகுறிகள் இருந்தாலும் டொக்டரிடம் காட்டுங்கள்:

– ஒண்ணுக்குப் போகும்போது எரிச்சல், காய்ச்சல், சிறுநீரில் இரத்தம்
– பகலிலும் உள்ளாடை நனைதல், சிறுநீர் சொட்டுச் சொட்டாக வருதல்
– மலம் தெரியாமல் கசிதல், பல நாள் மலம் போகாதிருத்தல்
– கால் பலவீனம், நடையில் மாற்றம், முதுகின் அடியில் பள்ளமோ மயிர்க் கொத்தோ இருத்தல்
– ராத்திரியில் பெரிய குறட்டை, இடையில் மூச்சு நின்று திணறுதல்
– ஆசனவாயில் அரிப்பு (கீரிப்பூச்சி இருக்கலாம்)

எங்கே போவது?

முதலில் தோட்ட டிஸ்பென்சரி ஐயாவிடமோ, மருத்துவச்சி அம்மாவிடமோ சொல்லுங்கள். அவர்கள் காகிதம் எழுதிக் கம்பளை வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். தேவையானால் அங்கிருந்து பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். அரசாங்க வைத்தியசாலையில் பார்ப்பதற்குக் காசு இல்லை. பெரும்பாலும் முதலில் செய்வது ஒரு சிறுநீர்ப் பரிசோதனைதான். ஊசி போடுவார்கள் என்று பிள்ளையைப் பயமுறுத்தாதீர்கள்.

போகும்போது ஒரு வாரக் கணக்கு எழுதிக்கொண்டு போனால் டொக்டருக்குப் பெரிய உதவி. எத்தனை ராத்திரி நனைந்தது, பகலில் எத்தனை தடவை போனான், எப்போது எவ்வளவு குடித்தான், மலம் எப்போது போனது. எழுதத் தெரியாவிட்டால் மூத்த பிள்ளையை எழுதச் சொல்லுங்கள்.

ஆறேழு வயதுக்குப் பிறகும் நிற்காவிட்டால் வைத்தியம் உண்டு. ஒன்று மணி. உள்ளாடையில் ஈரம் பட்டதும் அடிக்கும் சின்னக் கருவி. இதன் கதை வேடிக்கையானது. 1904இல் ஒஸ்திரிய நாட்டுப் பிள்ளை வைத்தியர் பவுண்ட்லர், வைத்தியசாலைத் தாதிமாருக்கு எந்தப் பிள்ளை நனைத்தது என்று தெரிவதற்காக ஒரு மணியைப் பொருத்தினார். கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளைகள் நனைப்பதே குறைந்துவிட்டது. 1938இல் அமெரிக்காவில் மௌரர் தம்பதிகள் அதையே வைத்தியமாக்கினார்கள். இன்றும் மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்குப் பலன் கிடைக்கிறது. ஆனால் இரண்டு மூன்று மாதம் பொறுமை வேண்டும். ஒரே காம்பராவில் எல்லோரும் படுக்கும் வீட்டில் மணி அடித்தால் எல்லோரும் விழிப்பார்கள் என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

மற்றது டெஸ்மோபிரசின் என்ற குளிசை. குறைவாக இருக்கும் அந்த ராத்திரிச் சுரப்பின் வேலையை இது செய்யும். டொக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே பாவிக்க வேண்டும். குளிசை போடுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்து விடியும்வரை தண்ணீரைக் கட்டுப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் உடம்பில் தண்ணீர் தேங்கி வலிப்பு வரலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் குளிசையை வாங்கிக் கொடுப்பது கூடவே கூடாது.

தாய்மாரே, தகப்பன்மாரே, இதில் ஒரு நாளில் மாற்றம் வராது. இந்த ராத்திரியே எல்லாவற்றையும் செய்ய வேண்டுமென்றும் இல்லை. இன்றைக்குச் சாயந்தரத் தேத்தண்ணியை நிறுத்துங்கள். காம்பராவில் ஒரு வாளியையும் வெளிச்சத்தையும் வையுங்கள். நாளைக் காலையில் பாய் நனைந்திருந்தால், “பரவால்ல, துணிய எடுத்து வாளியில போடு, வா கழுவி விடுறேன்” என்று சொல்லுங்கள். மூன்று மாதம் இப்படியே செய்து பாருங்கள். நிற்காவிட்டால் வெட்கப்படாமல் டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பக்கத்துக் காம்பராவிலும் இதே சங்கடம் இருந்தால் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள்.